ஊசியில்லா சோடா

தர்மபுரியில் கோலி சோடா குடித்துவிட்டு ஏப்பம் விட்டவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அந்த ஏப்பத்திலிருந்து ஒரு தத்துவத்தைப் பிடித்தவர் குப்புராஜ் ஒருவர்தான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த சோடா கம்பெனி அவருடைய அப்பா வைத்தது. அப்பா சோடா மட்டும் விற்றார். மகன் அதோடு விஞ்ஞானத்தையும் சேர்த்து விற்றார். சோடா குடித்தால் வாயு மேலே ஏறி மூக்கைக் குடைகிறது, கண்ணில் நீர் வருகிறது, காது அடைக்கிறது. அப்படியென்றால் வயிற்றுக்குப் போகிற வழியிலேயே அது தலைக்கு ஏறிவிடுகிறது என்றுதானே அர்த்தம்? வாயு ஏறும்போது மருந்தையும் கூட ஏற்றி அனுப்பிவிட்டால், வயிறு என்கிற செக்போஸ்டில் நிற்காமல் லாரி நேராக ரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடாதா? போய்ச் சேரும் என்று குப்புராஜ் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. மறுக்கிற இடத்தில் இருந்தவர்களெல்லாம் அவரிடம் சம்பளம் வாங்கினார்கள்.

முதலில் வந்தது நெல்லிக்காய் சோடா. நெல்லிக்காயில் வைட்டமின் சி உண்டு என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சொல்லும். அதைச் சோடாவில் விட்டுக் குடித்த ஒரு லாரி டிரைவருக்குப் பல் ஈறில் ரத்தம் வடிவது நின்றுவிட்டது. உப்பைத் தொட்டுக்கொண்டு நெல்லிக்காயைக் கடித்துத் தின்றிருந்தாலும் நின்றுதான் இருக்கும். ஆனால் கடித்துத் தின்னச் சொல்கிறவனுக்கு யார் மாலை போடுவார்கள்? குப்புராஜுக்குப் போட்டார்கள். 'தகடூர் விஞ்ஞான சபை' என்று ஒன்று தொடங்கி, அதற்கு அவரே தலைவராகி, மச்சானைச் செயலாளராக்கி, அந்தச் சபையின் கையால் 'விஞ்ஞானச் செம்மல்' பட்டமும் வாங்கிக்கொண்டார். பட்டமளிப்புச் செலவு செம்மலுடையது.

நெல்லிக்காயோடு நின்றிருந்தால் யாருக்கும் கேடில்லை. செம்மலுக்கு நெல்லிக்காய் சின்னதாகத் தெரிந்தது.

சர்க்கரை நோயில் மாத்திரைக்கு அடங்காத வகை ஒன்று இருக்கிறது. இன்சுலின் ஊசி போட்டால்தான் உயிர் நிற்கும். அப்போதெல்லாம் கண்ணாடி ஊசிதான். அதை வெந்நீரில் வேகவைத்து, ஈர மணல் கொட்டிய பானைக்குள் குளிர வைத்திருக்கிற மருந்துப் புட்டியிலிருந்து அளவாக இழுத்து, தினம் தினம் தொடையில் ஏற்ற வேண்டும். முனை மழுங்கினால் கல்லில் தீட்டிக்கொள்வார்கள். இந்த இம்சையிலிருந்து மனித குலத்தை மீட்பது என்று குப்புராஜ் முடிவு செய்தார். நெல்லிக்காய்க்கு ஒத்துக்கொண்ட சோடா இன்சுலினுக்கு ஒத்துக்கொள்ளாதா? மெடிக்கல் ஷாப்பில் புட்டிகளை வாங்கிவந்து, சோடாவில் சொட்டுச் சொட்டாக விட்டு, காஸ் ஏற்றி, கோலியை அடைத்தார். மருந்து தயார். அதைக் குடிப்பதற்கு ஒரு நோயாளிதான் வேண்டியிருந்தது.

கிடைத்தவர் பாப்பாரப்பட்டி கடைத்தெருவில் தையல் மிஷின் போட்டிருந்த காஜா. கம்பெனி ஆட்களுக்குக் காக்கிச் சட்டை தைக்க அளவெடுக்க வந்த இடத்தில், சோடா வேண்டாம், எனக்குச் சர்க்கரை, தினம் ஊசி என்று சொல்லிவிட்டார்.

"நீங்கதான் நான் தேடின ஆளு, காஜா சார்," என்றார் குப்புராஜ்.

பிறந்ததிலிருந்து காஜாவை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. அளவு நாடா கழுத்தில் தொங்க அவர் அப்படியே நின்றுவிட்டார்.

வீட்டில் அவர் மனைவி ஜுபைதா சிரித்தாள். "நாளெல்லாம் ஊசியோட குடும்பம் நடத்தறீங்க. தொடையில ஒரு ஊசி ஏறினா மட்டும் தெருவையே கூட்டறீங்க. இப்ப சோடா குடிச்சு சரியாவப் போறீங்களாக்கும்."

"துணிக்கு வலிக்காது ஜுபைதா. எனக்கு வலிக்குது."

"எனக்கு மட்டும் குத்த ஆசையா?"

மறுநாள் காஜா ஊசியை நிறுத்திவிட்டுச் சோடா குடித்தார். சாயங்காலத்துக்குள் நாக்கு மரக்கட்டையாகிவிட்டது. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். குடித்ததைவிட அதிகமாக வெளியே போனார். ஜுபைதா அலமாரியிலிருந்து கண்ணாடிக் குழாயை எடுத்தாள். நீல மருந்தில் சில சொட்டு மூத்திரத்தை விட்டுச் சூடு காட்டினால், சர்க்கரை இல்லாதவனுக்கு நீலம் நீலமாகவே நிற்கும். இருந்தால் பச்சை, பிறகு மஞ்சள். மிஞ்சிப் போனால் செங்கல் நிறம். குழாய்க்குள் செங்கல் சூளையே எரிந்தது.

அவள் குழாயைக் கழுவி வைத்தாள். ஊசியை வேகவைத்தாள். குத்தினாள்.

அன்றிலிருந்து விடிகாலையில் ஊசி, பத்து மணிக்குச் சோடா என்று ஆனது. "சோடா வேலை செய்யலன்னு அந்த மொதலாளிகிட்ட சொல்லிடுங்க," என்றாள் ஜுபைதா. "சொல்றேன்," என்றார் காஜா. சொல்லத்தான் ஒவ்வொரு தடவையும் போனார். போனால் குப்புராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க காஜா சார்," என்பார். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

மாம்பழ சீசனில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து விழா வைத்தார்கள். வாழைமரம், டியூப் லைட், 'ஊசியில்லா உலகம்' என்று துணியில் எழுத்து. மேடையில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பிரிட் விளக்கு. காஜாவுக்குப் புது வேட்டி கொடுத்து நடுநாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். சபையின் செயலாளர் ஒரு சின்னப் பாட்டிலை அவர் கையில் கொடுத்து மேடைக்குப் பின்னால் அனுப்பினார். திரும்பி வந்ததும் அந்தப் பாட்டிலைத் தாம்பாளத்தில் வைத்து, சீர்வரிசை கொண்டுவருகிற மாதிரி முன்னால் கொண்டுவந்தார். குப்புராஜ் குழாயில் நீல மருந்தை ஊற்றி, சொட்டு விட்டு, விளக்கில் காட்டினார். மண்டபமே எழுந்து நின்று பார்த்தது.

நீலம் அசையவில்லை.

பலத்த கைதட்டல். வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நாயனக்காரர் தாலி கட்டியாகிவிட்டது என்று நினைத்து கெட்டிமேளத்துக்குக் கை காட்டினார். ஒரு தையல்காரரின் மூத்திரத்துக்குக் கெட்டிமேளம் முழங்கியது உலகத்திலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும். காஜாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அன்று விடிகாலையில் ஜுபைதா குத்திய இடம் புது வேட்டிக்குள் கடுத்துக்கொண்டிருந்தது.

அடுத்ததுதான் விழாவின் உச்சம். "இதனால் ஆபத்து உண்டா என்று கேட்பவர்களுக்கு என் உடம்பே பதில்," என்று மைக்கில் முழங்கிய செம்மல், கோலியை அழுத்தி, ஒரு முழுப் புட்டி இன்சுலினையும் அந்த ஒரே சோடாவில் கவிழ்த்து, மடமடவென்று குடித்தார். ஏப்பம் விட்டார். ஒன்றும் ஆகவில்லை. அதில் பத்தில் ஒரு பங்கை ஊசியில் ஏற்றியிருந்தால், சர்க்கரை நோயில்லாத அந்த உடம்பு பந்திக்கு உட்காரும் முன்பே வியர்த்து, நடுங்கி, சாய்ந்திருக்கும். செம்மல் தெம்பாக நின்றார்.

முன்வரிசையில் டாக்டர் இன்னாசி இருந்தார். ஊரில் தனியாக கிளினிக் வைத்திருப்பவர், நோயாளிகளைத் திட்டுவதில் பெயரெடுத்தவர். அழைத்ததற்காக வந்தவர் எழுந்தார்.

"குப்புராஜ், வெளையாடாதய்யா. நெல்லிக்காய்ச் சத்து வேற, இது வேற. அது பொடிசு, வயித்து வழியா அப்படியே உள்ள போயிடும். இது கறி மாதிரி. ஆட்டுக்கறி தின்னா வயித்துக்குள்ள ஆடா நிக்குது? கரைச்சு ஒண்ணுமில்லாம ஆக்கிடுதில்ல? இதையும் அப்படித்தான் கரைச்சிடும். அதுக்குத்தான் ஊசி. ஒரு முழுப் புட்டியக் குடிச்சியே, ஒனக்கு ஏதாவது ஆச்சா?"

"ஒண்ணும் ஆகல!"

"அதான்யா சொல்றேன்!"

"அதத்தான் நாங்களும் சொல்றோம்!" என்று பின்னாலிருந்து கூட்டம் கத்தியது. மறுபடி கைதட்டல்.

அப்போது ஓரமாக நின்ற ஒருவர் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். வத்தல்மலை அடிவாரத்தில் ஆரியம் என்கிற கேழ்வரகும் சாமையும் விதைக்கிற பெரியண்ணன். கூடவே அவருடைய மகள் பாஞ்சாலி, ஒன்பதாவது படிக்கிறவள், இரண்டு வருஷமாக ஊசியில் இருக்கிறவள்.

"அய்யா, ஒரு சந்தேகங்க. இந்த மருந்து மாட்டு வயித்துலருந்து எடுக்கறதுன்னு சொல்றாங்களே, நெசங்களா? எங்க வூட்ல அந்தப் பழக்கமில்லீங்க. ஊசி போடறப்பல்லாம் எம் பொஞ்சாதி கற்பூரம் ஏத்தி மன்னிப்புக் கேக்குறா. ஊசின்னா வெளியில குத்தறதுன்னு மனசத் தேத்திக்கறோம். வாயில ஊத்தினா தின்ன மாதிரி ஆயிடுங்களேன்னு..."

குப்புராஜின் முகத்தில் ஏப்பம் பாதியில் நின்றது. முட்டை விழுந்த கேக்கைக்கூடத் தொடாத சைவப் பரம்பரை அவருடையது. வள்ளலார் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் சோடாவுக்கு லேபிள் ஒட்டுவார்கள். அவர் டாக்டரைப் பார்த்தார்.

"மாட்டுக் கணையம்," என்றார் டாக்டர், ரொம்ப மரியாதையாக.

ஐந்நூறு பேர் செம்மலின் வயிற்றையே பார்த்தார்கள். மச்சான் தண்ணீர் கொண்டுவந்தார். செம்மல் ஒரு மிடறு குடித்தார், தொண்டையைச் செருமினார், மைக்கைப் பிடித்தார்.

"அன்பர் கவலைப்படத் தேவையில்லை. எதுவாக இருந்தாலும் வயிற்றில் விழுந்த உடனே கரைந்து, செரித்து, பழைய பொருளாக இல்லாமல் போய்விடும். ஒரு துளிகூட ஒட்டாது. எனவே பாவமில்லை!"

டாக்டர் இன்னாசி தலையில் அடித்துக்கொண்டார். "இதையேதான்யா நானும் இவ்வளவு நேரமா சொன்னேன்!" என்று கத்திவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியேறினார்.

"டாக்டரே ஒத்துக்கினாருப்பா," என்று ஒருவர் பக்கத்து ஆளிடம் சொன்னார். பெரியண்ணன் அதைக் கேட்டார். அவர் முகம் தெளிந்தது. பாவமும் இல்லை, ஊசியும் இல்லை, டாக்டரும் ஒத்துக்கொண்டார்.

சாப்பாட்டுப் பந்தியில் பாஞ்சாலி நேராகக் காஜாவிடம் வந்தாள். கையில் ஒரு சோடா பாட்டில்.

"பாய், ஊசி போட்ட எடத்துல கட்டி கட்டியா வருமே, ஒங்களுக்கு அதெல்லாம் போயிடுச்சா? எங்கப்பா குத்தறது ஏர் ஓட்டற மாதிரி இருக்கும். டவுசர் போட்டு வெளையாட்டுல ஓடவே முடியல, எல்லாப் புள்ளைங்களும் என்னா இதுன்னு கேக்குதுங்க."

"ஏய், ஏர் ஓட்டி சோறு போடறவன்டி ஒங்கப்பன்," என்றார் பெரியண்ணன் சிரித்துக்கொண்டே.

காஜாவின் கை தானாகத் தொடைக்குப் போய் வேட்டியைச் சரிசெய்தது. "குடிம்மா, ருசியா இருக்கும்," என்றார். அவள் கட்டைவிரலால் கோலியை அழுத்தினாள். நுரை பொங்கி மூக்கில் அடித்தது. அவள் சிரித்ததில் பக்கத்து இலைக்காரருக்கும் சிரிப்பு வந்தது.

பெரியண்ணன் அவசரக்காரர் இல்லை. விதை வாங்கினாலும் விதைத்தவனை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாங்குவார். சோடா பாட்டில்களைக் கோணிப்பையில் கட்டி வீட்டில் வைத்துவிட்டு, மகளுக்கு வழக்கமான ஊசியைப் போட்டுவிட்டு, மறுநாள் இருட்டோடு கிளம்பி, தர்மபுரி போய் முதல் பஸ் பிடித்து பாப்பாரப்பட்டியில் இறங்கினார். காஜாவின் வீட்டை விசாரித்துப் போனபோது பொழுது அப்போதுதான் விடிந்திருந்தது. ஜுபைதா அடுப்பில் ஊசிச் சட்டியை ஏற்றி மூடி போட்டுவிட்டுத் தெருக் குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள்.

"வாங்கண்ணே," என்று காஜா பாயை விரித்தார். சுவரில் ஆணியில் பொன்னாடை தொங்கியது.

"ஒரே ஒரு வார்த்தைங்க பாய். செம்மலு பெரிய மனுசன், மேடையில பேசுவாரு. நீங்க அனுபவப்பட்டவரு. நான் பொண்ணப் பெத்தவன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா இன்னியோட ஊசிய நிறுத்திடறேன்."

காஜா பொன்னாடையைப் பார்த்தார். "சோடா குடிச்சா நல்லாத்தாங்கண்ணே இருக்குது," என்றார்.

அது பொய்யில்லை. கேட்டதற்குப் பதிலும் இல்லை.

அடுப்பில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது. சட்டிக்குள் கண்ணாடி கிணுகிணுவென்று மோதியது.

"என்னங்க சத்தம்?"

"முட்டை வேவுதுங்க."

"நல்லதுங்க. முட்டை சாப்பிடுங்க, தெம்பு." பெரியண்ணன் எழுந்தார். மடியிலிருந்து நாலு மாம்பழம் எடுத்துப் பாயில் வைத்தார். ஒரு பழத்தைத் திரும்ப எடுத்து முகர்ந்து பார்த்து, "இது இன்னும் ரெண்டு நாளாவும்," என்று சொல்லி வைத்தார். "நீங்க திங்கக்கூடாதுதான். அம்மாவுக்குக் குடுங்க." கும்பிட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

குடத்தோடு வந்த ஜுபைதா மாம்பழங்களைப் பார்த்தாள். யார் வந்தது என்று கேட்டாள். காஜா சொன்னார். முட்டை வரைக்கும் சொன்னார்.

குடம் இடுப்பிலிருந்து இறங்கவே இல்லை. "அது பச்சப் புள்ளைங்க. ஒங்களுக்கு ஒரு நாளைக்கே நாக்கு கட்டையாயிடுச்சு. ஓடுங்க. பஸ்ஸு நிக்குதான்னு பாருங்க."

பஸ் போய்விட்டிருந்தது.

"அடுத்த பஸ்ஸுல போங்க."

"போறேன்," என்றார் காஜா. ஊசியைப் போட்டுக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, போகவும் செய்தார். தர்மபுரியில் இறங்கினார். வத்தல்மலைப் பக்கம் போகிற பஸ் எதிரில் நின்றது. ஆனால் பெரிய மனிதருடைய காரியம். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஊர்க்காரனிடம் போய் உடைப்பது மரியாதையா? காஜாவுக்குத் தெரிந்த மரியாதையில் அது இல்லை. முதலில் சோடா கம்பெனிக்கு நடந்தார். உண்மையைச் சொல்வதற்கு உத்தரவு வாங்க.

குப்புராஜ் நாற்காலியைப் போட்டார். காஜா இந்தத் தடவை உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். தினம் ஊசி. அன்றைக்கும் ஊசி. நீலம் நின்றதும் ஊசியால்.

குப்புராஜ் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஒருவேளை காஜாவும் வீம்புக்காவது பஸ் ஏறியிருப்பார்.

"காஜா சார், நீங்க ஊசியும் போட்டீங்க, சோடாவும் குடிச்சீங்க. நீலம் நின்னது எதனாலன்னு எப்படிச் சொல்வீங்க? நீங்க விஞ்ஞானம் படிச்சிருக்கீங்களா? நான் இதையே நாலு வருசமா யோசிக்கிறவன். பாமர ஜனங்களைப் போய்க் கொழப்பாதீங்க."

"அந்தப் பொண்ணு ஊசிய நிறுத்திடுங்களே மொதலாளி..."

"நான் பாத்துக்கறேன். ஆளு அனுப்பறேன். நீங்க போங்க."

பெரிய மனிதர் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன பிறகு ஒரு காரியம் முடிந்த காரியம்தான். காஜா திரும்புகாலில் மடியில் ஒரு பெட்டி நெல்லிக்காய் சோடாவோடு பாப்பாரப்பட்டி வந்து சேர்ந்தார். "ஆளு அனுப்பறாராம்," என்றார். ஜுபைதா அவர் முகத்தையே பார்த்தாள். "அனுப்புவாரா?" "அனுப்புவாரு. சொன்னாருல்ல." அவளும் அதை நம்பினாள், அல்லது நம்பினால் அடுப்பு வேலையைப் பார்க்கலாமே என்று நம்பினாள். பெரிய மனிதருக்கு அன்று சாயங்காலம் சேலத்தில் ஒரு பாராட்டு விழா.

அடிவாரத்தில் பாஞ்சாலி சோடா குடித்தாள். முதல் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடியே வீட்டுக்கு வந்தாள். இரண்டாம் நாள் தண்ணீர்ப் பானையை விட்டு நகரவில்லை. "வெயிலு," என்றார் பெரியண்ணன். அவர் மனைவி செல்லம்மாள் அந்த வாரம் கற்பூரம் ஏற்றவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டிய வேலையே இல்லாமல் போனதில் அவளுக்கு நிம்மதி. மகள் வாந்தி எடுத்தாள். சோடா சூடு என்று நினைத்து, குளிரட்டும் என்று பாட்டில்களை ஈர மணலில் புதைத்து இன்னொன்று கொடுத்தார்கள். அதைக் குடித்து முடிக்க அவளால் முடியவில்லை. மூச்சு வாங்கியது. மாடு ஏற்றத்தில் இழுக்கிற மூச்சு. வாயருகே போனால் கனிந்து அழுகப்போகிற மாம்பழ வாசனை. வீடு பூராவும் மாம்பழம் பரப்பியிருந்ததால் அந்த வாசனை எதிலிருந்து வருகிறது என்று யாருக்கும் தோன்றவில்லை.

வண்டி கட்டி ரோட்டுக்கு வந்து, பஸ் பிடித்து, டாக்டர் இன்னாசியின் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் அவள் முகத்தருகே குனிந்து முகர்ந்தார். நிமிர்ந்தார்.

"ஊசிய எப்பய்யா நிறுத்தின?"

"விழாவுக்கு மறுநாளுங்க."

"எவன்யா நிறுத்தச் சொன்னது?"

பெரியண்ணன் அவரையே பார்த்தார். "நீங்களும் ஒத்துக்கினீங்களேங்க."

யாரையும் திட்டுகிற டாக்டர் இன்னாசிக்கு அன்று திட்டு வரவில்லை. ஊசி போட்டார், சலைன் பாட்டில் ஏற்றினார், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கார் சொல்லி அனுப்பினார். கார் வருவதற்குள் அந்த மூச்சு நின்றுவிட்டது.

சேதி பாப்பாரப்பட்டிக்கு வந்தபோது காஜா பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஜுபைதா கடை வாசலில் வந்து நின்றாள். "வாங்க," என்றாள்.  இரண்டு பஸ் மாறி அடிவாரத்துக்குப் போனார்கள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது எடுத்து முடித்திருந்தார்கள். வேப்பமரத்தடியில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சற்று நேரத்தில் குப்புராஜின் காரும் வந்தது. விஞ்ஞான சபையின் சார்பில் ஒரு மாலை. வைக்க இடமில்லாமல் மச்சான் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

குப்புராஜ் பெரியண்ணனின் தோளைத் தொட்டார். "விதிப்பா. மருந்து சரியானதுதான். சில பேருக்கு வயிறு ஏத்துக்கறதில்ல. ஒன் பொண்ணு வயிறு அப்படி. இதோ காஜா சாருக்கு ஏத்துக்கலையா? கல்லு மாதிரி நிக்கிறாரே."

எல்லோரும் காஜாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏறக்குறைய மண்டபத்தில் பார்த்த மாதிரியே.

காஜா ஓர் அடி முன்னால் வந்தார். லுங்கியைத் தொடை வரைக்கும் தூக்கினார். பழைய புள்ளிகள், புதுப் புள்ளிகள், கட்டி தட்டிய இடங்கள். அன்று காலையில் குத்தியது இன்னும் சிவந்திருந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து செல்லம்மாள் எழுந்து வந்து பார்த்தாள். பாஞ்சாலியின் தொடையை அவள் அறிவாள். கிட்டத்தட்ட அதே தொடை.

பெரியண்ணன் குனிந்து அந்தச் சிவப்பைப் பார்த்தார்.

"முட்டை வேவுதுன்னீங்களே பாய்."

காஜாவின் கை லுங்கியை விடவில்லை. அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜுபைதாதான் வந்து அதை இறக்கிவிட்டாள். "நானும் சொல்லலைங்கண்ணே," என்றாள். "எனக்கும் தெரியும்." அவள் செல்லம்மாள் பக்கம் கையை நீட்டினாள். செல்லம்மாள் பிடித்துக்கொள்ளவில்லை.

குப்புராஜ் அந்தத் தொடையை ஆராய்ச்சிக் கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தியா," என்று மச்சானிடம் மெல்லச் சொன்னார். "ஊசி போட்டு, அதோட சோடாவும் குடிச்சாத்தான் முழுப் பலன். அத நாம கவனிக்காம விட்டுட்டோம்."

கருமாதி முடிந்த பிறகு பெரியண்ணன் கோணிப்பையோடு சோடா கம்பெனிக்கு வந்தார். சோடா குடித்தவன் பாட்டிலைத் திருப்பித் தர வேண்டும். அது ஊர் வழக்கம், அதில் யாரும் தவறுவதில்லை. உள்ளே புது லேபிள்கள் காய்ந்துகொண்டிருந்தன. 'ஊசியோடு அருந்தவும்' என்று சிவப்பு எழுத்து. வள்ளலார் படத்துக்குப் புது மாலை.

"வாப்பா," என்றார் குப்புராஜ். "பாட்டில் கொண்டாந்தியா? அப்பறமா தந்திருக்கலாமே."

பெரியண்ணன் ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து மரப்பெட்டியில் அடுக்கினார். கடைசியாக ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அது மட்டும் நிறைந்திருந்தது. கழுத்தில் கோலி ஏறியபடியே நின்றது.

"இது மிச்சம்ங்க. அவளால முடியல."

"சரி, வையி."

"நீங்க குடிங்க."

பாட்டில் கழுவிக்கொண்டிருந்தவர்கள் காக்கிச் சட்டை கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்கள். ஆட்கள் பார்க்கிறார்கள். குடிக்காமல் இருக்க முடியாது. குப்புராஜ் கோலியை அழுத்தினார். நாள்பட்டதில் காஸ் பாதி இறங்கிப்போன சோடா. குடித்தார். ஏப்பம்கூடச் சரியாக வரவில்லை.

பெரியண்ணன் அவர் முகத்தை, கையை, காலை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒண்ணும் ஆவலீங்களா?"

"எனக்கு என்னப்பா ஆவும்?"

"ஆமாங்க. அன்னிக்கும் ஒண்ணும் ஆவல. அதப் பாத்துட்டுத்தான்..."

 பெரியண்ணன் குப்புராஜின் கையிலிருந்த காலிப் பாட்டிலை வாங்கி, மற்றவற்றோடு அடுக்கி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினார்.

கணக்குப்பிள்ளை பெட்டியருகே குனிந்தார். ஒவ்வொரு பாட்டிலாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சுற்றிப் பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்குதுங்க மொதலாளி," என்றார். "ஒண்ணுகூட ஒடையல."